வெள்ளைக்காரப் பையனின் சளி

அன்று வீட்டில் இருந்தது சித்தப்பா, அத்தை, மூன்றாம் வகுப்பு படித்த நான். அப்பாவும் அம்மாவும் பேத்தமங்களாவுக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். அவர்கள் இருந்திருந்தாலும் வீட்டில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

சித்தப்பாவின் ஆட்டோவில் ஒரு குடும்பம் வந்தது. அந்த அம்மா இத்தாலிக்காரர்; அவருடைய கொள்ளுத்தாத்தா அங்கிருந்து வந்து இங்கே தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவராம். கணவர் ஸ்பெயின்காரர். கூடவே என் வயதில் ஒரு பையன். அவர் இறங்கிய, இப்போது மூடிக்கிடந்த சுரங்கக் குழியான ஷாஃப்டைக் காட்டிவிட்டு, தண்ணீர் குடிக்க வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார் சித்தப்பா. மாரிகுப்பத்தில் கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டும். இரவு பெங்களூரில் அவர்களுக்கு விமானம்.

கிளம்பும்போது அந்த அம்மா பையனிடம், "சாலி, சாலி!" என்றார்.

"இன்னாடா சொல்லுது?" என்றாள் அத்தை.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுக்கத் தேடினேன். அகப்படவில்லை.

"சளின்னுது. பாவம், அதுக்கு ள வரல. புள்ளைக்குச் சளி புடிச்சிகீது," என்று அத்தையே முடிவு கட்டினாள்.

கடமை தவறாமல் நான், "ஃபீவர்?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே "நோ" என்றார்.

"ஜுரம் இல்லியா? அப்ப வெறும் சளிதான்."

மிளகும் துளசியும் வெல்லமும் கொதித்தன.

"அக்கா, டிரெயின் பூடும்!" என்றார் சித்தப்பா.

"புள்ள இருமிகினே ஏரோப்ளேன் ஏறணுமா? சும்மா இருடா."

டம்ளரோடு அத்தை வருவதைப் பார்த்த ஸ்பெயின்காரர், மரியாதைக்காக, ஆட்டோவுக்குள் இருந்த பையனிடம் "சால்!" என்றார். பையன் வெளியே குதித்தான். "சாலி!" என்றார் அந்த அம்மா. உள்ளே குதித்தான். மறுபடி சால், மறுபடி சாலி. சிரிப்புத் தாங்காமல் நானும் கூடக் குதித்தேன்.

"பாரு, அப்பனும் சளின்றான்," என்றாள் அத்தை.

பையன் ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரை மறுபடி நீட்டினான். அவன் அப்பாவும் கேட்டு வாங்கிக் குடித்தார். ரயில் ஊதிவிட்டுப் போயிற்று. சித்தப்பா பங்காருப்பேட்டை வரை ஆட்டோவை விரட்டி, அங்கே வேறு ரயிலில் ஏற்றிவிட்டுத்தான் திரும்பினார்.

இப்போது பெங்களூரில் வேலைக்காக அந்த மொழிகளைப் படிக்கிறேன். லத்தீனில் 'சலீரே' என்றால் குதிப்பது. அதுவே இத்தாலிக்குப் போய் ஏறுவதாயிற்று, ஸ்பெயினுக்குப் போய் வெளியே வருவதாயிற்று. அவன் அம்மா 'சாலி' என்று ஏறச் சொல்லியிருக்கிறார், அப்பா 'சால்' என்று இறங்கச் சொல்லியிருக்கிறார். பையன் இரண்டு பேர் பேச்சையும் தட்டாமல், லத்தீன்படியே குதித்திருக்கிறான். நானோ அவன் விளையாடுகிறான் என்று நினைத்தேன்.

அன்று பங்காருப்பேட்டை வரை போன கூடுதல் ஓட்டத்துக்குச் சித்தப்பா வாடகை வாங்கவில்லை. "அவங்களா சளின்னாங்க? எங்கக்கா இல்ல சொல்லிச்சு!" மிளகு, வெல்லம், பெட்ரோல் எல்லாம் சேர்த்து வீட்டுக்கு ஆனது நூற்றிருபது ரூபாய்.