நாற்பது விநாடிக்கு ஒரு ஹெட்போன்

அக்கா ஹெட்போன் வாங்கிய கதையை யாராவது ஆரம்பித்தால் அத்தான் எழுந்து வெளியே போய்விடுவார். ஆறு நாளில் மூன்று கடை, பதினோரு ஹெட்போன். பதினொன்றிலும் ஒரே பாட்டு, அந்தப் பாட்டிலும் ஒரே நாற்பது விநாடி. அதை இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அத்தானும் நானும் பாடிக்காட்டுவோம். எங்கள் இரண்டு பேருக்கும் பாட்டு சுத்தமாக வராது.

அக்காவுக்குக் குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் வேலை. பதினெட்டு வருடமாக ஒரே நாற்காலி. தலையில் மாட்டிக்கொள்ளும் தொலைபேசிக் கருவிக்கு ஒரு பக்கம்தான் காது உண்டு. அது இடது காதில். வலது காதுக்கு ஓய்வு என்று நினைத்துவிட வேண்டாம். அது முதுகுக்குப் பின்னால் நடமாடும் சூப்பர்வைசருக்கு. இடது காதில் ஒருவர் தண்ணீர் வரவில்லை என்று திட்ட, வலது காதில் இன்னொருவர் பேச்சைச் சுருக்கச் சொல்லித் திட்ட, நடுவில் உட்கார்ந்து எழுத்துப் பிசகாமல் புகாரைப் பதிவு செய்வாள். காதில் மணி ஒலித்த உடனே, “குடிநீர்ப் புகார், சொல்லுங்க” என்று ஆரம்பித்துவிட வேண்டும். ஒரு மூச்சு தாமதித்தாலும் திரையில் சிவப்பு விளக்கு எரியும். அக்காவின் திரையில் சிவப்பு எரிந்து ஆறு வருடமாகிறது. அதன் பலனை அனுபவிப்பது நாங்கள். வீட்டில் கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். பல நேரம் அது கேட்ட கேள்விக்குக்கூட இருக்காது, அடுத்துக் கேட்கப்போகிற கேள்விக்கு இருக்கும்.

வாரியத்தில் ஊழியர்களின் பாட்டுக் குழு ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் கேன்டீன் மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு முப்பது பேர் நின்று பாடுவார்கள். சொல்லிக்கொடுப்பவர் பம்பு நிலையத்து என்ஜினீயர். அக்கா இரண்டாவது வரிசையில் வலது கோடி. அவளுக்குப் பக்கத்தில் ஸ்டோர் அம்மா, அதாவது குழாய், வால்வு சாமான்களுக்கெல்லாம் பொறுப்பான அம்மா. நல்ல கனமான குரல். பாட்டின் மூன்றாவது சரணம் வரும்போதெல்லாம் யாரோ முந்திக்கொண்டு ஆரம்பித்துவிடுவார்கள். என்ஜினீயர் பென்சிலைக் கீழே போட்டுவிட்டு ஸ்டோர் அம்மாவைப் பார்ப்பார். நான் இல்லை சார் என்று அந்த அம்மா இரண்டு வருடமாகச் சொல்லிவருகிறார், அவரும் நம்பாத மாதிரியே தலையை ஆட்டிவருகிறார். அக்காவும் வீட்டுக்கு வந்து, அந்த அம்மாவுக்குக் குரல் இருக்கு, பொறுமைதான் இல்லை என்று வருத்தப்படுவாள்.

இந்த வருடம் வெளியூர் நிகழ்ச்சிக்குப் பன்னிரண்டு பேர் மட்டும் போதும் என்று முடிவானது. பெயர்களை அடுத்த வெள்ளிக்கிழமை அறிவிப்பதாக என்ஜினீயர் சொன்னார். ஸ்டோர் அம்மா முந்துகிறார் என்பதால் அவர் பெயர் இருக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அக்காவை மட்டும் என்ஜினீயர் படிக்கட்டில் தனியாக நிறுத்தி, போன வருடப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டதாகச் சொல்லியிருக்கிறார்.

“உங்க குரல் அதுல எங்கயுமே இல்லம்மா. நீங்க பின்னால நின்னு வாயை மட்டும் அசைங்க, போதும்.”

வீட்டுக்கு வந்தவள் கைப்பையைக்கூட இறக்கிவைக்கவில்லை. பதிவைக் கைபேசியில் வாங்கி வந்திருந்தாள். சமையலறையில் இருக்கும் உருண்டை ஸ்பீக்கரில் போட்டோம். முப்பது பேரும் ஒரே போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல இருந்தது. இழுப்பறையில் கிடந்த இயர்போனில் ஒரு பக்கம் எப்போதோ செத்துவிட்டது.

“நல்ல ஹெட்போன் ஒண்ணு வாங்கணும்,” என்றாள் அக்கா. “நான் இருக்கேனா இல்லையான்னு என் காதால கேக்கணும். இல்லன்னா வெள்ளிக்கிழமை நானே விலகிக்கறேன். இத்தனை பேருக்கு நடுவுல நின்னு வாயை அசைக்க என்னால முடியாது.”

சனிக்கிழமை காலை முழுவதும் நான் ஹெட்போன்களைப் பற்றிப் படித்தேன். படிக்கப் படிக்கப் பயம்தான் கூடியது. ஒருவர் சொர்க்கம் என்று எழுதியதை அடுத்தவர் தகர டப்பா என்று எழுதியிருந்தார். இரண்டு பக்கத்துக்குக் குறிப்பெடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அந்தக் காகிதத்தை அக்கா கடைசிவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

முதல் கடைக்காரர் நெஞ்சுக்கூடு அதிரும்படி ஒரு பாட்டைப் போட்டுக்காட்டினார். அக்கா அதை நிறுத்தச் சொல்லிவிட்டுத் தன் கைபேசியைச் செருகினாள். தெரிந்த பாட்டில் சோதிப்பதுதான் சரி என்று கடைக்காரரே ஒப்புக்கொண்டார். ஆனால் மூன்றாவது சரணம் வரும் நாற்பது விநாடியை மட்டும் ஒன்பதாவது தடவை ஓட்டுவது சரியா என்பதில் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு ஹெட்போன் மூக்குக்கண்ணாடிக் காம்பை நசுக்கியது. இன்னொன்றின் கனத்தில் தலை தானாகக் குனிந்தது. மாட்டிப் பார்த்த நான்கையும் கழற்றிவைத்துவிட்டு, இதிலெல்லாம் நான் இல்லை என்றாள். எங்களுக்குப் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது.

அத்தான் என் பக்கம் சாய்ந்து, “இவ வாங்க வந்தாளா, காணாமப் போனவங்களைத் தேட வந்தாளா?” என்று முணுமுணுத்தார்.

ஹெட்போனை மாட்டியிருந்த அக்கா திரும்பாமலே, “ரெண்டுக்கும்தான்,” என்றாள்.

புருஷன் முணுமுணுப்பு எந்த மனைவிக்குத்தான் கேட்காது என்று நாங்கள் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது கடை. அங்கே ஆறு ஹெட்போன். முதலில் பின்பக்கம் வலை போட்டுத் திறந்திருக்கும் வகையைக் காட்டினார்கள். வீட்டில் அமைதியாக உட்கார்ந்து கேட்க அதுதான் அருமை என்றார்கள். அருமைதான், ஆனால் சத்தம் வெளியிலும் வரும். மூன்றடி தள்ளி நின்ற அத்தானுக்கு அந்தச் சரணம் முழுசாகக் கேட்டது. நீ கேட்கத்தானே வாங்குகிறோம், நானும் கேட்கவா என்று ஒரே போடாகப் போட்டார். ஒயர் இல்லாததைக் காட்டினார்கள். தினமும் சார்ஜ் போட வேண்டும் என்றதும், இன்னும் ஒருத்தருக்குச் சோறு ஊட்ட என்னால் ஆகாது என்று அக்கா தள்ளிவிட்டாள். நான் மூன்று முறை, பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாமா என்று கேட்டேன். வாங்குவதற்கு முன்னாடியேவா சார் என்றார் அங்கிருந்த பெண். எப்படியும் வாங்கவில்லை. ஆறிலும் அக்கா இல்லை.

அடுத்த மூன்று நாள் கடைப் பக்கமே போகவில்லை. வியாழக்கிழமை மாலை, வேலை முடிந்து வந்த களைப்போடு மூன்றாவது கடைக்குப் போனோம். மாடியில் ஒற்றை அறை. ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் நடுத்தர வயதுக்காரர்தான் முதலாளியும். அவர் எதையும் புகழவில்லை. அக்காவின் கண்ணாடியைப் பார்த்தார், பாட்டு என்னவென்று கேட்டார், ஒயர் வைத்த, இரண்டு பக்கமும் மூடிய ஹெட்போன் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி ஆம்ப்ளிஃபயரில் ஈயம் பற்றவைக்க உட்கார்ந்துவிட்டார்.

அக்கா நாற்பது விநாடியைக் கேட்டாள். தலையை ஆட்டினாள். மறுபடி கேட்டாள்.

அத்தானுக்குப் பொறுமை போய்விட்டது. சட்டைக் காலரைப் பார்த்துச் சொல்வதுபோல, “இல்லாத குரலை இன்னும் எத்தனை கடையில தேடறது?” என்றார்.

அக்கா திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. அத்தான் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்க்க ஆரம்பித்தார்.

கடைக்காரர்தான் பேசினார். “மேடம், இதை மாட்டிக்கிட்டுப் பாட்டும் ஓடினா பக்கத்துல மேசையைத் தட்டினாக்கூடக் கேக்காது. அவர் முனகினது உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?”

எழுந்து வந்து அவளுடைய வலது பக்கம் நின்று பார்த்தார். பிறகு எங்களையும் கூப்பிட்டுக் காட்டினார். அடர்ந்த முடிக்குள்ளே, ஹெட்போனின் வலது மெத்தை காதுக்குப் பின்னால் கொண்டை மேல் உட்கார்ந்திருந்தது. வலது காது காற்றோட்டமாக வெளியே இருந்தது. பதினோரு ஹெட்போனிலும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

“பழக்கம்,” என்றாள் அக்கா. “யாராவது கூப்பிட்டா?”

மேடைக்கு இரண்டு பக்கமும் மைக் வைத்துப் பதிவு செய்திருப்பார்கள், வலது கோடியில் நின்றவர் குரல் வலது காதில்தான் வரும் என்று கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். எனக்கு அந்த அலமாரியில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஹெட்போன்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அக்காவின் காதைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு மெத்தைகளையும் அவரே சரியாகப் பொருத்தினார். பாட்டு ஆரம்பித்ததும் அக்கா திடுக்கிட்டுக் கழற்றி, யாரும் கூப்பிடலையே என்று கேட்டாள். இல்லை என்றோம். மறுபடி மாட்டிக்கொண்டாள். பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக எங்கள் யாருடைய பேச்சும் அவளுக்குக் கேட்கவில்லை. நாற்பது விநாடி முடிந்தது. இன்னொரு தடவை. நான்காவது தடவை முடிந்ததும் மெதுவாகக் கழற்றினாள்.

“இருக்கேன்.”

“அப்பாடா,” என்றார் அத்தான். “பில் போடுங்க சார்.”

“முந்திரிக்கொட்டை மாதிரி இருக்கேன்.”

நானும் கேட்டேன். மூன்றாவது சரணம் தொடங்கும் இடத்தில், எல்லோரும் மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு குரல் அரை மூச்சு முன்னால் குதிக்கிறது. அடுத்த கணம் ஸ்டோர் அம்மாவின் கனத்த குரல், மிகச் சரியான நேரத்தில் வந்து, அதன் மேல் படுத்துக்கொள்கிறது. அப்புறம் அந்த முதல் குரலைத் தேடினாலும் கிடைக்காது. ஆனால் அந்த அரை மூச்சில் சந்தேகமே இல்லை. ஊரில் தண்ணீர் வராத அத்தனை பேருக்கும் தெரிந்த குரல் அது.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வாக்குவாதம். அத்தானின் கட்சி எளிமையானது. நீ அதில் இல்லவே இல்லை என்று என்ஜினீயரே சொல்லிவிட்டார். அப்படியே விட்டுவிடு, கௌரவமாக விலகிக்கொள். இருக்கிறேன் என்று நிரூபித்தால் எதற்காக இருக்கிறாய் என்பதும் சேர்ந்து தெரிந்துவிடும். எனக்கும் அதுவே சரி என்று பட்டது.

“ரெண்டு வருஷமா அந்தம்மா வாங்கின திட்டெல்லாம் என்னோடது,” என்றாள் அக்கா.

வெள்ளிக்கிழமை ஹெட்போனை எடுத்துக்கொண்டு போனாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். பட்டியலைக் கையில் வைத்திருந்த என்ஜினீயரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, இரண்டு காதும் மூடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். வலது பக்கம் கவனிக்கச் சொன்னாள். அவர் கேட்டார். இரண்டாவது தடவை கேட்டபோது அவருடைய பார்வை ஸ்டோர் அம்மாவிடம் போனது. போன வேகத்தில் தாழ்ந்துவிட்டது.

என்ன விஷயம் என்று கேட்டார் ஸ்டோர் அம்மா.

“முந்தினது நான்தாங்க. நீங்க இல்ல.”

அந்த அம்மா கையை நீட்டி ஹெட்போனை வாங்கி, தானே மாட்டிக்கொண்டு, நாற்பது விநாடியோடு நிறுத்தாமல் முழுப் பாட்டையும் கேட்டார். மற்ற எல்லோரும் நின்றுகொண்டே காத்திருந்தோம்.

“எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சு,” என்றார் கடைசியில். “வீட்டுல தனியாப் பாடும்போதுகூட எண்ணிப் பார்த்துட்டுத்தான் ஆரம்பிப்பேன்.”

அவருடைய பெயர் பட்டியலில் ஏறியது. அக்காவிடம் என்ஜினீயர், குரல் இருக்கிறது, நிதானம் வரட்டும், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். அவர் முடிப்பதற்குள் அக்கா சரி என்றுவிட்டாள். இரண்டாவது வரிசையில் பழைய இடத்திலேயே இப்போதும் நிற்கிறாள். வாயை மட்டும் அசைப்பதில்லை. மூன்றாவது சரணம் நெருங்கும்போது ஸ்டோர் அம்மா அவள் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறார். பிடி விட்டதும்தான் பாட வேண்டும். மற்ற விஷயங்கள் எதுவும் அக்காவிடம் அந்த அம்மா பேசுவதில்லை.

ஹெட்போன் ஸ்டோர் அம்மாவிடம்தான் இருக்கிறது. தன்னை இரண்டு வருடமாகக் கேலி செய்த வீட்டு ஆட்கள் ஒவ்வொருவருக்கும் மாட்டிக் காட்ட வேண்டும் என்று அன்றைக்கே பெட்டியோடு எடுத்துப் போனார். இது மூன்றாவது வாரம். எப்போது திரும்பி வரும் என்று கேட்க அத்தான் தினமும் வாயெடுக்கிறார்.

“அடுத்த வாரம்,” என்கிறாள் அக்கா, அவர் கேட்பதற்கு அரை மூச்சு முன்னால்.