கற்பூரம் எரிந்த நான்கு நிமிடங்கள்

குரங்கின் ரத்தத்தில் பயத்தை அளக்கிற வேலை என்று சொன்னால் எங்கள் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் சிரிக்காதவர்கள் கிடையாது. மல்லாட்டைக் கொல்லையைத் தோண்டி வேர்க்கடலையைத் தின்றுவிட்டுப் போகிற குரங்குக்கு என்ன பயம் வேண்டிக்கிடக்கிறது என்பார்கள். அப்பாவும் அந்தக் கட்சிதான். "மாட்டு டாக்டருக்குப் படிக்க வெச்சா, கொரங்குக்கு ஊசி போட்டுக்கினு திரியறியே" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வார். சிரிக்கிறவர்களோடு சண்டை போட எனக்குப் பொறுமை கிடையாது. சிரிக்காமல் பொய் சொல்கிறவர்களை மட்டும் விடமாட்டேன். இது அப்படி ஒரு சண்டையின் கதை. அதில் முதல் பொய்யை எழுதியவளே நான்தான் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

திருவண்ணாமலையில் மாதா மாதம் பௌர்ணமிக்கு லட்சக்கணக்கான ஜனங்கள் மலையைச் சுற்றி நடக்கிறார்கள். இந்தக் கூட்டத்தால் மலையடிவாரத்துக் குரங்குகள் பதறிப்போகின்றனவா என்பதுதான் எங்கள் ஆய்வின் கேள்வி. பயந்தாலோ பதறினாலோ உடம்பு கார்டிசால் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடும். மனிதனுக்கும் அப்படித்தான், குரங்குக்கும் அப்படித்தான். குரங்கைப் பிடித்துக் காலில் ஊசி குத்திக் கொஞ்சம் ரத்தம் எடுத்து அளந்தால் தெரிந்துவிடும்.

கேட்கச் சுலபமாக இருக்கும். ஆனால் பிடிபடுவதைவிடப் பெரிய பயம் ஒரு குரங்குக்கு என்ன இருக்கிறது? கூண்டுக் கதவு விழுந்த நொடியிலேயே அதன் உடம்பு ஹார்மோனை விட ஆரம்பிக்கும். அது ரத்தத்தில் ஏறிக் காட்ட மூன்று நிமிடம் போல ஆகும். அந்த மூன்று நிமிடத்துக்குள் எடுத்தால், நாங்கள் வருவதற்கு முன் குரங்கு எப்படி இருந்தது என்பது கிடைக்கும். தாண்டிவிட்டால், நாங்கள் காட்டிய பயத்தை நாங்களே அளந்துகொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதனால் என் கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டாப் வாட்ச் தொங்கும்.

வேலை செய்தது மூன்று பேர். ஆய்வின் தலைவர் சென்னைக்காரர், வாரத்துக்கு ஒருமுறை வருவார். ரத்தம் எடுப்பவள் நான். கூண்டு வைப்பவர் அடி அண்ணாமலையைச் சேர்ந்தவர். பாம்பும் குரங்கும் பிடித்தே நாற்பத்தைந்து வயதை எட்டியவர். எங்கள் கூண்டின் ஒரு பக்கச் சுவர் நகரும். குரங்கு உள்ளே போனதும் அவர் கயிற்றை விட்டால் கதவு விழும். பிறகு கைப்பிடியை மெதுவாக இழுத்து, நகரும் சுவரால் குரங்கை மறுபக்கத்துக் கம்பியோடு ஒட்டி நிறுத்துவார். நான் கம்பி வழியாகப் பின்னங்காலைப் பிடித்து ரத்தம் எடுப்பேன். அவருடைய கை அவ்வளவு பதமாக இருக்கும். குரங்குகளை அவர் 'அது' என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆண் குரங்கு 'அவரு', பெண் குரங்கு 'அவங்க'. வலது காது கிழிந்த ஒரு தாய்க்குரங்கு மட்டும் 'நம்மம்மா'.

சாதாரண நாட்களில் சில காலைகள், பௌர்ணமிக்கு மறுநாள் காலை ஒன்று என்று நான்கு மாதம் எடுத்தோம். ரத்தத்தை ஐஸ் பெட்டியில் கொண்டுபோய், மெஷினில் சுழற்றித் தெளிய வைத்து அளந்தோம். சாதாரண நாட்களில் கார்டிசால் கம்மி. பௌர்ணமிக்கு மறுநாள் ஜாஸ்தி, அதுவும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம் போல ஜாஸ்தி. தலைவர் நாற்காலியை விட்டு எழுந்து எனக்குக் கை கொடுத்தார். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த நேரத்தில் ஊரில் வேறு ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. மலையடிவாரத்துக் குரங்குகளைக் கூட்டத்தோடு பிடித்து ஜவ்வாது மலையில் விட்டுவிடலாம் என்பது. கடைக்காரர்களின் புகார்கள் ஏற்கெனவே மலை போலக் குவிந்திருந்தன. இப்போது எங்கள் அறிக்கை ஒரு நல்ல காரணத்தையும் சேர்த்துக் கொடுத்தது: குரங்குகளே இங்கே நிம்மதியாக இல்லை, கொண்டுபோய் விடுவது அவற்றுக்கே நல்லது. வேங்கிக்காலில் நடக்கப்போகிற அதிகாரிகள் கூட்டம் ஒன்றில் தலைவர் இதைச் சொல்வதாக ஏற்பாடு. நானும் தலையாட்டினேன். ஜவ்வாது மலையில் ஏற்கெனவே இருக்கிற குரங்குகள் வந்தவர்களை மாலை போட்டு வரவேற்காது, கடித்து விரட்டும், பாதிக்கு மேல் பிழைக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் எண்கள் சொல்கின்றனவே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் இருந்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பொழுதுபோகாமல் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன். கூண்டுக்காரர் பழைய வீடியோ ஒன்றைத் துண்டு துண்டாகப் போட்டிருந்தார். போன பௌர்ணமிக்கு மறுநாள், மரக்கிளையில் போனைச் சொருகிவைத்து எடுத்தது. முதல் துண்டில் நம்மம்மா கூண்டுக்குள் போகிறாள், கதவு விழுகிறது. இரண்டாவது துண்டில் கூண்டுக்காரர் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வெற்றிலையில் கற்பூரம் ஏற்றிக் கூண்டைச் சுற்றுகிறார். மூன்றாவதில் நான் பையைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பி நிற்கிறேன். அன்றைக்கு வந்திருந்த தலைவர் செருப்பைக் கழற்றிவிட்டு எனக்குப் பக்கத்தில் நிற்கிறார். நான்காவதில் கற்பூரம் மெல்ல எரிந்து அடங்குகிறது, மூவரும் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். ஐந்தாவதில் நான் ஸ்டாப் வாட்சை எடுத்து அழுத்துகிறேன்.

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் பஸ் போனதுகூடத் தெரியவில்லை.

அவர் வீட்டுக்கே போய் முழு வீடியோவையும் வாங்கிப் பார்த்தேன். கதவு விழுந்ததிலிருந்து நான் வாட்சை அழுத்தும் வரை நான்கு நிமிடத்துக்கு மேல். அதற்குப் பிறகு ஊசி குத்த இன்னும் இரண்டரை நிமிடம். என் நோட்டில் இரண்டரை நிமிடம் என்று மட்டும்தான் இருந்தது, அதுவும் என் அழகான கையெழுத்தில்.

"சாதா நாள்ல நீங்க இப்படிக் கொளுத்தறது இல்லியேண்ணா?" என்று கேட்டேன்.

"சாதா நாள்ல கூண்டத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவேங்க. பௌர்ணமி நேரத்துல அவங்கள அடைச்சு வெக்கறோமே, ஒரு கற்பூரங்கூட காட்டலன்னா மனசு கேக்குமா?" என்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இன்னாங்க மேடம், என்னால எதனா கெட்டுப்போச்சா?"

"உங்களால இல்ல. வாட்ச் என் கழுத்துல தானே தொங்குது."

அதுதான் உண்மை. எங்கள் ஊரில் புது வண்டி வாங்கினாலும், கடை திறந்தாலும், கிணறு வெட்டினாலும் கற்பூரம் அணைந்த பிறகுதான் வேலை ஆரம்பம். அது எரியும்போது ஒருவரும் எதையும் தொடமாட்டார்கள். எனக்கும் அது ரத்தத்தில் ஊறியிருக்கிறது. மூன்று நிமிட விதியை மேடை போட்டு விளக்குகிற நான், கூண்டுக்குள் ஒரு தாய்க்குரங்கு கம்பியைக் கடித்துக்கொண்டிருக்க, பயபக்தியோடு கண்ணை மூடி நின்றிருக்கிறேன். நான்கு பௌர்ணமியும் அப்படித்தான். லட்சம் பேர் குரங்குகளைப் பதறவைத்தார்கள் என்று நாங்கள் கண்டுபிடித்தது உண்மையில் ஒரு துண்டுக் கற்பூரம் எரிகிற நேரத்தை.

தலைவரிடம் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். தன் செருப்பைத் தான் கழற்றுகிற இடம் வந்ததும் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"சரி, நாலு நிமிஷம் முன்ன பின்ன ஆயிடுச்சு. யாரும்மா இதையெல்லாம் பாக்கப் போறாங்க? நம்பர் ஜாஸ்தியா வந்திருக்கு. அது நெஜந்தானே?"

"நம்பர் நெஜம் சார். ஆனா அது நம்மளப் பாத்து பயந்த நம்பர்."

"கற்பூரம் கொளுத்துனதால ஆராய்ச்சி தப்பாப் போச்சுன்னு எழுதப் போறியா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும் சார். எனக்குப் பழக்கந்தான்."

ரத்தம் எடுத்தவரின் கையெழுத்து இல்லாமல் அந்த அறிக்கை செல்லாது. அவர் தாளை என் பக்கம் தள்ளினார். நான் அவர் பக்கம் தள்ளினேன். மேசைமேல் அது இரண்டு முறை போய் வந்தது. கையெழுத்துப் போடாவிட்டால் இந்த வேலையில் என் காலம் முடிந்தது என்று வெளிப்படையாகவே சொன்னார். பயமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. படிப்பு முடித்து மூன்று வருடம் அலைந்து கிடைத்த வேலை. ஆனால் என் பயத்தில் நான் கையெழுத்துப் போட்டால், நம்மம்மாவின் பயம் ஜவ்வாது மலையில் போய் முடியும். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அவர் கையெழுத்து இல்லாத தாளையே எடுத்துக்கொண்டு வேங்கிக்கால் கூட்டத்துக்குப் போனார். நானும் அழையா விருந்தாளியாகப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவர் பேசி முடித்ததும் முன்னால் இருந்த ஓர் அதிகாரி அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரத்தம் எடுத்தவங்க கையெழுத்து இல்லியே, யாரு அவங்க?"

எழுந்து நின்றேன். கதவு விழுந்தது, கற்பூரம், வாட்ச், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். தப்பு என்னுடையது என்பதை இரண்டு முறை சொன்னேன். அறை முழுக்கச் சிரிப்பு. பக்கத்து வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அப்போ கூட்டத்தால கொரங்குக்கு ஒண்ணும் ஆவலன்றீங்களா?"

"தெரியாதுங்க. தெரியாதுன்னு சொல்றதுக்குத்தான் வந்தேன். தெரியாம ஒரு குடும்பத்தையே வண்டியில ஏத்தக் கூடாதுங்க."

சிரிப்பு நின்றது. அந்த அம்மா பேனாவை மூடினார். "திரும்ப எடுக்க எவ்ளோ நாள் ஆவும்?"

"மூணு பௌர்ணமிங்க."

"எடுங்க. அது வரைக்கும் யாரும் எதையும் புடிக்க வேணாம்."

தலைவர் வாசலில் என்னைத் தாண்டிப் போனபோது காற்றைப் பார்ப்பது போலப் பார்த்தார். மூன்று மாதமும் அப்படியே பார்த்தார். வேலையை விட்டு அனுப்பவும் முடியவில்லை, ரத்தம் எடுக்க ஆள் வேண்டுமே.

அடுத்த பௌர்ணமிக்கு மறுநாள் விடிந்ததும் போனோம். கற்பூரம் வேண்டாம் என்று கூண்டுக்காரரிடம் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. அவர் மனசு கேட்காது, என் மனசும்தான். அதற்கு அவரே வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். குரங்குகள் மரத்தைவிட்டு இறங்குவதற்கு முன்பே, காலிக் கூண்டுக்குக் கற்பூரம் காட்டினார். அது அணைகிற வரை நின்று கண்ணில் ஒற்றிக்கொண்டோம். பிறகுதான் வாழைப்பழத்தை உள்ளே வைத்துப் புதருக்குப் பின்னால் போனோம்.

"முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுட்டேங்க. இனிமே நீங்க வேகமா முடிங்க" என்றார்.

நம்மம்மா வந்தாள். குட்டி வெளியே மரத்தடியில் நின்றது. கதவு விழுந்த சத்தத்தோடு என் விரலும் வாட்சை அழுத்தியது. ஒரு நிமிடம் ஐம்பது நொடியில் ஊசி வெளியே வந்துவிட்டது. கதவைத் திறந்ததும் அவள் குட்டியை வாரிக்கொண்டு மரத்தில் ஏறி, அங்கிருந்து என்னைத் திட்டித் தீர்த்தாள். திட்டுவதற்கு அவளுக்கு எல்லா உரிமையும் உண்டு.

மூன்று பௌர்ணமியும் முடிந்து அளந்து பார்த்தபோது, சாதாரண நாளுக்கும் பௌர்ணமிக்கு மறுநாளுக்கும் சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசம் இல்லை. குரங்குகள் கூட்டத்தை ரசிக்கின்றன என்று இதற்கு அர்த்தம் கிடையாது; அவற்றின் நன்மைக்காகத்தான் பிடிக்கிறோம் என்று இனி யாரும் சொல்ல முடியாது, அவ்வளவுதான். ஜவ்வாது மலை யோசனை அந்தக் காரணத்தை இழந்து படுத்துவிட்டது. வேறு காரணத்தோடு எழுந்து வரலாம். வரட்டும், அப்போதும் நான் இங்கேதான் இருப்பேன்.

புதிய அறிக்கையில் ஒரு வரி எழுதியிருந்தேன்: முதல் நான்கு பௌர்ணமிகளில் கற்பூரம் அணையும்வரை நேரம் குறிக்கப்படவில்லை, தவறு ரத்தம் எடுத்தவருடையது. கையெழுத்துக்காக என் மேசைக்கு வந்த ஆறு பிரதிகளிலும் அந்த வரி இல்லை. தலைவர் அடித்துவிட்டிருந்தார். நான் போய்க் கேட்கவில்லை. என் பேனாவை எடுத்து, ஆறு தாளிலும் அந்த வரியைக் கையால் எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். ஆறு முறையும் அழுத்தித்தான் போட்டேன்.