கப்பல் பறித்த மடி

எங்கள் பக்கத்தில் குழந்தைக்கு முதல் மொட்டை தாய்மாமன் மடியில் வைத்துத்தான் அடிப்பார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. என் முறை வந்தபோது மாமா கடற்படைக் கப்பலில் இருந்தார். இலங்கைக்கு நம் ராணுவம் போயிருந்த சமயம் அது, லீவு கிடைக்கவில்லை. பாகாலாவிலிருந்து வந்த ஓர் ஒன்றுவிட்ட மாமனின் மடியில் என்னை உட்கார்த்திக் காரியத்தை முடித்துவிட்டார்கள்.

அதனால் அந்தக் கப்பலின் பேச்சை எடுத்தாலே எனக்கு ஆகாது. மாமா எங்கள் ஊர் விஜயபுரத்துக்கு வந்தால் அதன் புராணம்தான். அதற்குத் துறைமுகம் தேவையில்லையாம், நேராக மணலில் போய் ஏறுமாம். முன்பக்கம் கதவாகத் திறந்து, வயிற்றிலிருந்து டாங்கிகள் இறங்குமாம். கரையேறும் முன்பே பின்னால் கடலில் நங்கூரம் போட்டுவிட்டு, திரும்பும்போது அந்தச் சங்கிலியை இழுத்துத் தன்னைத்தானே மணலிலிருந்து பிடுங்கிக்கொள்ளுமாம். இலங்கைக்குப் போன கதையைக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார். திரும்பி வந்த கதையை மட்டும் சொன்னதில்லை.

பிறகு தங்கை பிறந்தாள். அவளுடைய மொட்டைக்கு மட்டும் மாமாவுக்கு எப்படியோ லீவு கிடைத்துவிட்டது. அவளுக்கு வெள்ளிக் கொலுசு, எனக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட். திருமலை பஸ்ஸில் வழி முழுக்க அவள் மாமாவின் தோளில் கிடந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. மலைப்பாதை வளைவுகளில் வழக்கமாக வாந்தி எடுப்பவள், அன்று பொறாமையில் அதைக்கூட மறந்துவிட்டேன்.

மொட்டை அடிக்கும் கூடத்தில் மாமா சம்மணம் போட்டு அவளை மடியில் வைத்துக்கொண்டார். “கட்டிகா பட்டுகோண்டி” என்று தெலுங்கில் இறுக்கிப் பிடிக்கச் சொன்னார் நாவிதர். தங்கை திமிறினாள். கத்தி லேசாகப் பட்டு ஒரு சொட்டு ரத்தம் மாமாவின் வேட்டியில் விழுந்தது. நாவிதர் அதைப் பொருட்படுத்தவே இல்லை. மாமாவோ குழந்தையை நைனா கையில் திணித்துவிட்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். பாதி மொட்டையோடு அவள் அலறினாள். எனக்குப் பரம சந்தோஷம்.

“இன்னாடி உன் தம்பி, பாதியில எழுந்து பூட்டான்?” என்று நைனா அம்மாவிடம் சிடுசிடுத்தார்.

அம்மா குரலைத் தாழ்த்தினாள். “அவன ஒண்ணும் கேக்காதீங்க. கப்பல் திரும்பி வர்றப்ப, அடிபட்ட பையன் ஒருத்தன மடியில போட்டுக்கினு வந்தானாம்.”

மடி என்ற சொல் மட்டும்தான் என் காதில் ஏறியது. எனக்குக் கிடைக்காத மடியை முன்பின் தெரியாத ஒருவனுக்குக் கொடுத்திருக்கிறார்! ஆத்திரத்தோடு ஓடினேன். மாமா குழாயடியில், சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்.

“அந்தப் பையன மட்டும் மடியில வெச்சிக்கினியே மாமா, நான் இன்னா பண்ணேன்?” கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது.

 மாமா என்னை இழுத்து மடியில் உட்கார வைத்து, வலிக்கிற மாதிரி இறுக்கிக்கொண்டார். எனக்கு அது போதவில்லை.

“அவன் எவ்ளோ நேரம் இருந்தான்?”

“கரைக்கு வந்தும் அவன் எழுந்துக்கல கண்ணு.”

“அப்ப நானும் எழுந்துக்க மாட்டேன்” என்றேன், விட்டுக்கொடுக்காமல்.

மாமா சட்டென்று என் வாயைப் பொத்தினார். நான் சொன்னதில் என்ன தப்பு என்று எனக்குப் புரியவில்லை.