ஷெல் செய்ய மறுத்த யோவாகிம்

1. மேசையில் வைத்த பாகம்

ஒரு திங்கட்கிழமை காலை தொழிற்சாலை நிர்வாகத்தார் எங்களைக் கன்டீனுக்குக் கூப்பிட்டு, மேசையில் ஒரு பாகத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு கை நீளம், ஒரு முனை கூர். பீரங்கி ஷெல்லின் வெளிக்கூடு. இனி அதுதான் எங்கள் வேலை என்றார்கள்.

நான் இலங்கையில் மன்னாரில் பிறந்தவன். ஷெல்லை முழுசாகப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. போர்க்காலத்தில் ஊரில் கண்டதெல்லாம் வெடித்த துண்டுகள். என் அக்கா மாதா கோயிலுக்குள் ஒதுங்கியிருந்தபோது ஷெல்லடியில் செத்தவள்.

இப்போது ஜெர்மனியில், பாடன் பக்கத்துச் சிறு நகரம் எங்களுடையது. கார்களுக்கான பம்புப் பாகங்கள் செய்துவந்தோம். கார்க் கம்பனிகளின் ஓடர்கள் நின்றுபோய், கதவடைக்கப் போகிறார்கள் என்று எல்லோரும் பயந்திருந்த நேரம் அது. அதனால் அந்தப் பாகத்தைப் பார்த்துச் சிலர் கைதட்டினார்கள்.

கணினியால் ஓடும் சி.என்.சி. இயந்திரத்தில் கடைசல் வேலை செய்த யோவாகிம் மட்டும் எழுந்து நின்றார். ஜெர்மன்காரர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர்.

“நான் இதைச் செய்ய மாட்டன்.”

ஜெர்மன் மொழியில் நடந்த பேச்சுகளை என் வாயில் வருகிற தமிழிலேயே எழுதுகிறேன்.

அளவு பார்க்கும் பகுதியில் வேலை செய்த ஒக்ஸானா திரும்பினாள். உக்ரைனிலிருந்து மகளோடு தப்பி வந்தவள். தம்பி போர்முனையில் இருந்தான்.

“உங்கட கை சுத்தமா இருக்கட்டும். என்ர தம்பி சாகட்டும். அப்பிடித்தானே?”

யோவாகிம் அவள் பக்கம் திரும்பினார். ஆனால் உட்காரவில்லை.

2. பெட்ரீப்ஸ்ராட் கூட்டம்

நான் அப்போது பெட்ரீப்ஸ்ராட்டில், அதாவது தொழிலாளர் பிரதிநிதிகள் குழுவில் இருந்தேன். யோவாகிமுக்காகப் பேச வேண்டியவன் நான். முதலில் எனக்கே விளங்க வேண்டும் என்று அவரிடம் கேட்டேன்.

“நானும் கிறிஸ்தவன்தான். எங்கட கத்தோலிக்கச் சுவாமிமார் படையாட்களுக்கும் பூசை வைக்கினம். உங்களுக்கு மட்டும் ஏன் ஏலாது?”

அவர் குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். அவர்களுக்குக் குருவும் இல்லை, பீடமும் இல்லை. கூடி மௌனமாக இருப்பார்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

“அந்தோணி, முதல் காலத்துக் கிறிஸ்தவர்களுக்கு அரசு இல்லை, படையும் இல்லை,” என்றார். “தன்னைப் பிடிக்க வந்த நேரம் யேசு தன்ர சீடன் இராயப்பரிட்டை வாளை உறையில போடச் சொன்னதை, தங்களுக்கும் சொன்ன சொல்லா எடுத்தவை கனபேர். படையாள் ஒருவன் ஞானஸ்நானம் கேட்டு வந்தால், இனிக் கொல்லக்கூடாது எண்டு சில இடங்களில சொல்லுவினம். சண்டைக்கு மறுத்ததால செத்தவையும் இருக்கினம்.”

“படையில இருந்த கிறிஸ்தவர் ஒருத்தரும் இல்லையோ?”

“இருந்தவை. நான் பொய் சொல்ல மாட்டன். பிறகு ரோமச் சக்கரவர்த்தியே கிறிஸ்தவனாகிவிட, நியாயமான போர் எண்டொரு கதையும் வந்திட்டுது. கனகாலத்துக்குப் பிறகு இங்கிலாந்தில உள்நாட்டுப் போருக்குள்ள பிறந்ததுதான் எங்கட சபை. அந்த முதல் ஆக்கள் நடந்த மாதிரி நடக்கவேணும் எண்டு துவங்கினவை. நாங்கள் புதுசா ஒண்டும் கண்டுபிடிக்கேல்லை.”

கூட்டத்திலும் அவர் இதையே சொன்னார், அது வேலைத்தலம் முழுக்கப் பரவியது. அங்கே, ஆட்களை வேலைக்கு எடுக்கும் பெர்சனல் பகுதிப் பொறுப்பாளர் அவரிடம் கேட்டார்: “உங்களை ஆரும் சண்டைக்குப் போகச் சொல்லேல்லையே. கடைசல் வேலைதானே?”

“வாளைப் பிடிக்கிறவனுக்கு மட்டும்தான் அது சொன்னதெண்டு நான் நினைக்கேல்லை. செய்து குடுக்கிறவனுக்கும்தான்.”

அவரைப் பராமரிப்புப் பகுதிக்கு மாற்றலாம் என்று நான் வாதாடினேன். அங்கேயும் இனி ஷெல் இயந்திரங்கள்தானே என்றார்கள். பம்பு வேலை முழுக்க நிற்கப் போகிறது, வேறு இடமில்லை என்றார்கள். அவரை நிறுத்துவதா என்று குழுவில் வாக்கெடுத்தபோது எதிர்த்துக் கை தூக்கியவன் நான் ஒருவன்தான். யோவாகிமை வேலையால் நிறுத்தினார்கள். அறுபதைத் தாண்டிய அந்த வயதில் அவருக்கு வேறு யாரும் வேலை கொடுக்கவில்லை. கடைசியில் வீட்டையும் விற்றார்.

நான் பராமரிப்பில்தான் இருந்தேன். பென்ஷன் எடுக்கும்வரை அந்த இயந்திரங்களைப் பழுது பார்த்தேன். எனக்கு யோவாகிமின் நம்பிக்கையும் இருக்கவில்லை, ஒக்ஸானாவின் கோபமும் இருக்கவில்லை.

3. ஒக்ஸானாவின் வீடு

அடுத்த குளிர்காலத்தில் ஒக்ஸானாவின் தம்பி போர்முனையில் செத்துப்போனான். செய்தி வேலைத்தலத்தில்தான் அவளுக்கு வந்தது. நாங்கள் பூ வாங்கி வைத்தோம். பிறகு எல்லோரும் வேலைக்குத் திரும்பினோம்.

நான் யோவாகிமுக்குச் சொன்னேன். “என்னை அவவிட்டை கூட்டிக்கொண்டு போங்கோ,” என்றார்.

“அவ உங்களைத் துரத்தக்கூடும்.”

“ஓம். துரத்தட்டும்.”

ஒக்ஸானா கதவைத் திறந்தாள். அவரைக் கண்டதும் முகம் இறுகியது.

“இப்ப சொல்லுங்கோ. உங்கட முதல் கிறிஸ்தவர்கள் என்ர தம்பிக்கு என்ன செய்திருப்பினம்?”

“எனக்குத் தெரியாது,” என்றார் யோவாகிம். “உங்களோட கொஞ்ச நேரம் இருக்கலாமோ?”

அவள் கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு உள்ளே போனாள். மூவரும் குசினியில், சமையல் மேசையைச் சுற்றி இருந்தோம். நெடுநேரம் கழித்து அவள் அழத் தொடங்கினாள். யோவாகிம் ஆறுதல் சொல்லவில்லை. கண்ணை மூடவும் இல்லை, எழும்பவும் இல்லை. வெளியில் இருண்ட பிறகு அவள் மூன்று கோப்பைகளில் தேத்தண்ணி ஊற்றினாள்.

பிறகும் அவள் ஷெல்களை அளந்துகொண்டுதான் இருந்தாள். அவரும் தன் எண்ணத்தை மாற்றவில்லை.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். கொல்லுகிற வேலையைச் செய்ய மாட்டேன் என்று ஒருவர் சொன்னால், அவர் எதை இழக்கிறார் என்று பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். சொல்ல ஒரு பதிலும் இல்லாமல் செத்தவீட்டுக்குப் போய் உட்கார்ந்திருக்க அவரால் முடிகிறதா என்றும் பாருங்கள். யோவாகிமால் முடிந்தது.