ஆறு பேருக்கு ஒரு மூச்சு

துருத்தி என்ற பெயர் அவனுக்குப் பட்டறை வைத்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் சும்மா கிடந்தது. ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், முதலாளியின் பிள்ளைக்கு வாங்கிவந்த ரப்பர் படகுக்குக் காற்றடிக்கப் பம்பு இல்லை என்று எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். இவன் உட்கார்ந்து வாயாலேயே ஊதிப் படகை உப்பவைத்துவிட்டான். வியர்க்கக்கூட இல்லை. "இவன் மனுஷனா, கொல்லன் பட்டறைத் துருத்தியாடா?" என்று ஒருத்தன் கேட்டான். அன்றைக்கு ஒட்டிய பெயர்தான்.

வேலை கல் அறுப்பது. சமையலறை மேடைக்குப் பதிக்கிறார்களே, பளபளவென்று, கறை பிடிக்காத கல், அது. மலையில் வெட்டிய கல் இல்லை. கல்லை மாவாக அரைத்து, பசை சேர்த்து, அழுத்திச் செய்தது. அதை அறுத்தால் மறுபடி மாவாகும். தண்ணீர் விட்டுக்கொண்டே அறுக்க வேண்டும் என்று சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. தண்ணீர் விட்டால் பென்சில் கோடு அழியும், அளவு தப்பும், வேலை தாமதமாகும். ஆகவே சுவரில் எழுதியது சுவரோடு இருந்தது. அறுப்புக் கொட்டகையிலிருந்து வெளியே வருகிறவனை அவனைப் பெற்றவளே அடையாளம் சொல்ல முடியாது. தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளை.

துருத்தி கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. தங்கை வீட்டுப் பின்னறையில் இருந்தான். தங்கை புருஷனைப் பட்டறையில் சேர்த்துவிட்டதும் அவன்தான். மாப்பிள்ளைக்கு மெருகு போடுகிற வேலை. அறுப்பைவிட மோசம் அது. கல்லின் ஓரத்தை மூக்குக்கு நேரே வைத்துத் தேய்க்க வேண்டும்.

வருஷத்துக்கு ஒரு தரம் பட்டறை வாசலுக்கு ஒரு வெள்ளை வேன் வரும். உள்ளே ஒரு கண்ணாடிக்காரர், ஒரு ஊதுகருவி. மூக்கில் கிளிப்பு மாட்டி, குழாயை வாயில் வைத்து, நெஞ்சில் இருப்பதை எல்லாம் ஊத வேண்டும். மூன்று தரம். காற்று எவ்வளவு, எத்தனை வேகம் என்று கருவி கோடு போட்டு ஒரு சீட்டைத் துப்பும். அளவு குறைந்தால் அந்த ஆளைத் தூசிப் பக்கம் விடக்கூடாது என்பது சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் தூசி இல்லாத வேலை அந்தப் பட்டறையில் எது? முதலாளி தோளைத் தட்டிக்கொடுத்து, "உடம்பைப் பாத்துக்கப்பா" என்று வாசல் கேட் வரை வந்து வழியனுப்புவார். அவ்வளவுதான்.

முதல் வருஷம் மாப்பிள்ளை வந்து நின்றான். வீட்டில் பிறந்து நாற்பது நாளான குழந்தை.

"மச்சான், ரெண்டு வாரமா நெஞ்சுல சளி. இன்னிக்கு ஊதினா மாட்டிக்குவேன். இந்த ஒரு தடவை நீ ஊதிடேன். அடுத்த வருஷம் நானே ஊதிக்கறேன்."

"மாட்டினா என்னடா பண்றது?"

"யாரு பாக்கப் போறா? மூஞ்சி எல்லாருக்கும் ஒரே மாவுதானே!"

உண்மைதான். துருத்தி அட்டையை மாற்றிக் கழுத்தில் போட்டான், தொப்பியை மாற்றினான், மாப்பிள்ளை பெயரைச் சொன்னான், ஊதினான். கண்ணாடிக்காரர் சீட்டைப் பார்த்து, "அடேயப்பா, அஞ்சு லிட்டர்!" என்றார். அரை மணி கழித்துத் தன் பெயருக்கு இன்னொரு தரம் ஊதினான். எறும்பு புகுந்த சர்க்கரை டப்பாவாக விஷயம் பரவியது. அடுத்த வருஷம் மூன்று பேர் வந்தார்கள். அதற்கடுத்த வருஷம் ஐந்து பேர். அவனோடு சேர்த்து ஆறு. ஆறு பேருக்கு மும்மூன்று தரம், ஒரே பகலில் பதினெட்டு ஊது. சாயங்காலம் அவனுக்குக் காது ஙொய்யென்று இரையும், தலை சுற்றும். தட்டிக்கொடுத்துச் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான்.

நல்ல மனசு என்பீர்கள். சொல்லுங்கள். நல்ல மனசைப்போலக் கெடுதல் செய்கிற சாமான் வேறு இல்லை. ஒவ்வொரு வருஷமும் மாப்பிள்ளை அந்தச் சீட்டை வீட்டுக்குக் கொண்டுபோவான். தங்கை அதை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவைப்பாள். அவன் இருமுகிறபோதெல்லாம் கதவைத் திறந்து ஒரு பார்வை பார்ப்பாள். "சளிதான், வேற ஒண்ணுமில்ல, அஞ்சு லிட்டர் ஊதுறவருக்கு என்ன கேடு?" என்று குழந்தையிடம் சொல்வாள். துருத்தி அப்போது பின்னறையில் கட்டிலைத் தட்டிப் போட்டுக்கொண்டிருப்பான், காதில் விழாத மாதிரி.

ஐந்தாவது வருஷம், வேன் வந்துபோன இரண்டாம் மாதம், பட்டறைக்கு ஆறு கடிதம் வந்தது. நெஞ்சு நோய் ஆஸ்பத்திரியிலிருந்து. அங்கே ஒரு டாக்டரம்மா கல்தூசி நோயைப் பற்றி ஆராய்ச்சி நடத்திவந்தார். பல பட்டறைகளின் வேன் சீட்டுகளையெல்லாம் சேர்த்துவைத்து, யாருக்கு மூச்சு வேகமாகக் குறைகிறது என்று பார்க்கிறார்களாம். இந்த ஆறு பேருக்கும் குறைகிறதாம். புது மருந்து ஒன்றைச் சோதிக்கிறார்கள், விருப்பமிருந்தால் வரலாம்.

வண்டியில் கல் ஏற்றுகிற நெட்டையன் கடிதத்தை உரக்க வாசித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பாருங்கடா கூத்தை! ஆறு பேருக்கும் ஒண்ணாவே மூச்சு குறையுதாம்! அளவு பிசகாம ஒண்ணாவே!"

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஒருத்தன் நிறுத்தினான். இன்னொருத்தன் நிறுத்தினான். ஊதியது ஆறு பேர் இல்லையே. ஒவ்வொருவராகத் திரும்பித் துருத்தியைப் பார்த்தார்கள். அவன் அப்போதுதான் கணக்குப் போட்டான்: மாடிப்படியில் நடுவில் நிற்பது எப்போதிலிருந்து? செருப்புக்குக் குனிந்தால் இருமல் வருவது எப்போதிலிருந்து? அவன் கையிலிருந்த தேநீர் ஆறிப்போயிற்று.

ஆஸ்பத்திரிக்குத் தங்கையும் கூட வந்தாள். மாப்பிள்ளைக்கு அதற்குள் படியேறத் தோள் வேண்டியிருந்தது. பஸ்ஸில் துருத்தி மூன்று தரம் வாயைத் திறந்தான், மூன்று தரமும் மூடிக்கொண்டான். புது மருந்து கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு நப்பாசை. தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கப் பார்த்தான், வேறென்ன.

கண்ணாடிக் கூண்டுக்குள் மாப்பிள்ளையை உட்காரவைத்தார்கள். நர்ஸம்மா பக்கத்தில் நின்று, "நல்லா இழுங்க... ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும், விடாதீங்க" என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். மாப்பிள்ளை பாதியிலேயே இருமி விழுந்தான். மூன்று தரம் ஊதியதில் அதிகமானதே ஒன்றரை லிட்டர். துருத்தி ஊதினான். மூன்றரை.

டாக்டரம்மா நரைத்த தலை, குள்ளமான உருவம், அதட்டாத குரல். மேஜைமேல் விளக்குப் பலகை ஒன்று இருந்தது. அதில் ஆறு சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்.

"இவருக்குப் போன வேன்ல மூணரை லிட்டர். இன்னிக்கு ஒண்ணரை. ரெண்டு மாசத்துல இப்படி யாருக்கும் இறங்காது," என்றார். "அதனால பழசையெல்லாம் எடுத்துப் பாத்தேன். இதோ பாருங்க. ஊதுற கோடு மலை மாதிரி ஏறி இறங்குது இல்லையா? இறங்குற சரிவுல சின்னதா ஒரு பள்ளம். ஆறு சீட்டுலயும் அதே எடத்துல அதே பள்ளம். அஞ்சடி ஆளுக்கும் ஆறடி ஆளுக்கும் ஒரே மலை. கையெழுத்து மாதிரிங்க அது. யாரோ ஒருத்தர்தான் எல்லாருக்கும் ஊதியிருக்காங்க. யாரு?"

முழுப் பூசணிக்காயை எத்தனை வருஷம் சோற்றில் மறைப்பது?

"நான்தாங்க," என்றான் துருத்தி.

"நான்தான் கேட்டேன், டாக்டரம்மா," என்று மாப்பிள்ளை குறுக்கே விழுந்தான். "மச்சான் மேல தப்பில்ல. என் புள்ளைக்காகச் செஞ்சான்."

டாக்டரம்மா கோபப்படுவார் என்று துருத்தி எதிர்பார்த்தான். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இருபது வருஷத்துக்கு முன்னாடி இந்த நோய்க்கு எங்ககிட்ட ஒண்ணுமே கெடையாது. கல் வேலையை விடுங்கன்னு சொல்லி அனுப்புவோம். இப்ப கொஞ்சம் தெரியும். தூசி உள்ள போயி நுரையீரல் தழும்பாகுது. அந்தத் தழும்பு பரவுறதை இந்த மருந்து மெதுவாக்குதான்னு பாக்கறோம். ஆனா போனதை இது திருப்பித் தராதுங்க. இருக்கறதைக் காப்பாத்த முடிஞ்சா காப்பாத்தும். அதனால பாதி மூச்சாவது மிச்சம் இருக்கறவங்களைத்தான் சேக்க முடியும். இவருக்குப் பாதி இல்ல."

"ஆரம்பத்துலயே வந்திருந்தா?" என்றாள் தங்கை.

"முதல் வருஷமே தூசியை விட்டு வெளிய வந்திருந்தா இவ்வளவு போயிருக்காது. அடுத்த வருஷம் வந்திருந்தாக்கூட." பிறகு துருத்தியைப் பார்த்து, "இன்னொண்ணும் சொல்லணும். முதல் மூணு வருஷம் உங்க பட்டறைச் சீட்டெல்லாம் அவ்வளவு நல்லா இருந்துச்சு. அங்க நடக்கற மாதிரி நடத்தினாப் போதும், தூசி கொல்லாதுன்னு மத்த பட்டறைகளுக்கு எழுதி அனுப்பினோம். நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

தங்கை அவன் பக்கம் திரும்பினாள். "எப்பலேர்ந்துண்ணா?"

"குழந்தை பொறந்த வருஷத்துலேர்ந்து."

"கதவுல ஒட்டியிருக்கற அஞ்சு சீட்டும்?"

அவன் தலையாட்டினான்.

"அதைப் பாத்துப் பாத்துத்தானே அவரை வேலைக்கு அனுப்பினேன்! ஒரு நாள் லீவு போடறேன்னு சொன்னப்பக்கூட, சோம்பேறித்தனம் பண்ணாதீங்கன்னு துரத்தினேனே! உன் மூச்சைப் பாத்தாண்ணா நான் நிம்மதியா இருந்தேன்?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. அன்றிலிருந்து அவனோடு பேச்சை நிறுத்தினாள். சாப்பாட்டைத் தட்டில் போட்டு வைப்பாள். 'சாப்பிடு' என்ற சொல் வராது.

மற்ற நான்கு பேரில் இரண்டு பேர் சோதனையில் சேர்ந்தார்கள், இரண்டு பேர் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. துருத்தியைச் சேர்த்துக்கொண்டார்கள். கல் வேலையை விட்டு, ஒரு துணிக்கடையில் வாசல் காவலுக்குப் போனான். மருந்து வெள்ளை டப்பாவில் வந்தது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. சில டப்பாவில் மருந்து, சில டப்பாவில் வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டரம்மாவுக்கே தெரியாதாம், அப்படித்தான் சோதிப்பார்களாம். வாழ்நாளெல்லாம் மாவைத் தின்றவனுக்கு மறுபடியும் மாவா என்று துருத்தி தனக்குள்ளேயே கசப்பாகச் சிரித்துக்கொண்டான்.

டப்பாவைக் கையில் வாங்கியபோதே அவன் புத்தி பழைய தடத்தில் போய்விட்டது. பட்ட பிறகும் திருந்தாத சென்மம் என்று திட்டத் தோன்றுகிறது எனக்கு. ஆனால் அந்த ஆளுக்கு வேறு வழியில் அன்பு காட்டத் தெரியாது. காலையில் டப்பாவோடு மாப்பிள்ளை கட்டிலண்டை போனான். மாப்பிள்ளை இப்போது படுப்பதில்லை. தலையணைகளை மடியில் அடுக்கி அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தான். பக்கத்தில் ஆக்ஸிஜன் கருவி உறுமிக்கொண்டிருந்தது.

"மாப்ள, இந்தா. ரெண்டு வேளையும் நீ போட்டுக்க. எனக்கு ஒண்ணும் இல்ல, நான் திடமாத்தான் இருக்கேன். எண்ணிப் பாத்தாலும் டப்பா காலியா இருக்கும், யாருக்கும் தெரியாது."

மாப்பிள்ளை டப்பாவை அவன் பக்கமே தள்ளினான். பேசுவதற்கு ஒவ்வொரு சொல்லுக்கும் காற்றுச் சேர்க்க வேண்டியிருந்தது.

"எனக்காக... நீ ஊதினது... போதும் மச்சான். இதையாவது... நீயே முழுங்கு."

"அடேய், சொன்னாக் கேளு..."

சமையலறையிலிருந்து தங்கை வந்தாள். கையில் ஒரு டம்ளர் தண்ணீர். அண்ணன் முன்னால் ணங்கென்று வைத்தாள். ஐந்து வாரத்துக்குப் பிறகு அவனிடம் வாய் திறந்தாள்.

"அவர் மூச்சுதான் போச்சு. உன்னோடதாவது நெசமா இருக்கட்டும். முழுங்கு."

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் முழுங்கினான். இன்னொரு வாய் தண்ணீர் குடித்து இறக்கினான்.

மாப்பிள்ளை அடுத்த மாதம் ஒரு மத்தியான வேளையில் போய்ச் சேர்ந்தான். கருவியை அணைத்த பிறகு வீட்டில் இருந்த அமைதி குழந்தைக்குத்தான் முதலில் பொறுக்கவில்லை. "அப்பா சத்தம் எங்க?" என்று கேட்டது. துருத்தி பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதான். அழுகை பாதியில் இருமலாயிற்று, அழக்கூட மூச்சுப் போதவில்லை.

காரியமெல்லாம் முடிந்து பதினோராம் நாள் அவனுக்கு ஆஸ்பத்திரியில் ஊதுகிற முறை. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் ஊத வேண்டும். வரமாட்டாள் என்று நினைத்தான். தங்கை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் தயாராக நின்றிருந்தாள்.

நர்ஸம்மா மூக்குக் கிளிப்பை எடுத்தபடி, "பேரு சொல்லுங்க," என்றாள்.

ஐந்து வருஷப் பழக்கம், நாக்கு முந்திக்கொண்டது. மாப்பிள்ளை பெயரைச் சொன்னான்.

அவள் பட்டியலில் மேலும் கீழும் தேடினாள். "அப்படி ஒரு பேரு இதுல இல்லைங்களே."

"இல்லதாங்க," என்றான் துருத்தி. பிறகு, பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொன்னான். "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்" என்று அவள் கையை ஆட்டினாள். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஊதினான். மூன்றே கால் லிட்டர். மெதுவாகக் குறைகிறதா, வேகமாகக் குறைகிறதா என்று ஒரு சீட்டை வைத்துச் சொல்ல முடியாது என்றாள்.

வெளியே பெஞ்சில் தங்கை உட்கார்ந்திருந்தாள். அவன் சீட்டை நீட்டினான். அவள் வாங்கி, அளவைப் பார்க்காமல், முதலில் மேலே எழுதியிருந்த பெயரைப் படித்தாள்.