வேப்பமரத்தடியில் போட்ட டிக்

கோவில்பட்டிக்கு வெளியே ஒரு தீப்பெட்டி ஆபீசில் சூப்பர்வைசராக இருக்கிறேன். காலையில் பேர் கூப்பிட்டு ஆள் கணக்கு எடுப்பது என் வேலை. பண்டல் போடும் பெண்களில் ஒருத்திக்குக் காது கேட்காது. விளாத்திகுளம் பக்கமிருந்து பஸ்ஸில் வருவாள். அவள் பேரைக் கூப்பிட்டால் பக்கத்தில் உட்காரும் தோழி, "வந்துட்டா அண்ணாச்சி" என்பாள். தலை நிமிராமல் டிக் போடுவேன். ஏழு வருஷம் இப்படியே ஓடியது. அதை உதவி என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

அபாய மணியோடு ஒரு சிவப்பு விளக்கும் வையுங்கள் என்று அவள் இரண்டு தடவை எழுதிக் கொடுத்தாள். பார்க்கலாம் என்று டிராயரில் போட்டேன். எனக்கு எப்போதும் தலைக்கு மேல் வேலை, அதைவிட அதிகமாக முன்கோபம்.

போன சித்திரையில் ஒரு மத்தியானம் தீக்குச்சி மருந்து கலக்கும் அறையில் தீப்பிடித்தது. மணி அடித்ததும் எல்லாரும் வெளியே ஓடி வேப்பமரத்தடியில் கூடினோம். நோட்டை விரித்துப் பேர் கூப்பிட்டேன். அவள் முறை வந்தது.

"வந்துட்டா அண்ணாச்சி."

தோழியின் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. என் கை பழக்கத்தில் டிக் போட்டுவிட்டது. தீயணைப்பு வண்டி வந்ததும், "உள்ள யாரும் இல்ல சார்" என்று நானே சொன்னேன். அதனால் யாரும் உள்ளே தேடவில்லை.

அவள் பின்பக்க குடோனில் லேபிள் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். புகை நெடி எட்டிய பிறகுதான் தெரிந்திருக்கிறது. முந்தானையால் மூக்கைப் பொத்தி, இருமிக்கொண்டே தானாக வெளியே வந்தாள்.

"ஏட்டி, ஒன்னைய நானே கொல்லப் பாத்தேனே!" என்று தோழி தலையில் அடித்துக்கொண்டாள்.

வெளியே வந்தவள் அழவில்லை. நேரே என்னிடம் வந்து நோட்டை வாங்கினாள். தன் பேருக்கு எதிரே இருந்த டிக்கைப் பார்த்தாள். என் பேனாவை எடுத்துப் பக்கத்தில் எழுதினாள்: 'நான் உள்ளே இருந்தேன். இது யார்?'

அவ்வளவு வெட்கப்பட்டு நான் எங்கேயும் நின்றதில்லை.

சிவப்பு விளக்கு இரண்டே நாளில் வந்துவிட்டது. மீட்டிங் என்றால் இப்போது போனில் வீடியோ கால் வழியாக சைகை மொழிபெயர்ப்பாளர் வருகிறார். இரண்டு நாள் வேலைக்கு ஏழு வருஷம் எடுத்துக்கொண்டவன் நான்.

இப்போதெல்லாம் காலையில் அவள் எதிரே போய் நிற்கிறேன். அவள் என்னைப் பார்த்துக் கையைத் தூக்க வேண்டும். சில நாள் வேண்டுமென்றே தாமதிக்கிறாள். பேனாவைத் திறக்காமல் நிற்கிறேன்.