ஊறுகாய்க் குழுவுக்குப் போன பதில்

எவரெட் டோலெஃப்சனுக்கு எங்கள் கல்லூரிக் கணினி நிலையத்தில் அஞ்சல் பொறுப்பு. யாருடைய மின்னஞ்சலாவது போய்ச் சேரவில்லை என்றால் அவனைத்தான் திட்டுவார்கள். சேர்ந்துவிட்டால் அவனை யாரும் நினைப்பதில்லை. நான் ஆர்டிஸ். அதே நிலையத்தில் அச்சு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறேன். இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஆகவே அவனைத் திட்டும் உரிமை எனக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில் எவரெட்டுக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. அஞ்சல் பொறுப்பில் இருந்துகொண்டே, திரையில் கடிதம் படிக்கமாட்டேன் என்று அடம்பிடிப்பான். தனக்கு வருவதையெல்லாம் அச்சடித்து என் கையால் வாங்கி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காபி அறையில் உட்கார்ந்து படிப்பான். அதனால் அவன் கடிதங்களை அவனுக்கு முன்பே நான் படித்துவிடுவேன். அச்சு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

அவன் உயிரெல்லாம் ஊறுகாய்க் குழுவில்தான் இருந்தது. நாடெங்கும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள், வெள்ளரிக்காயை ஜாடியில் போடுவது எப்படி என்று மின்னஞ்சலில் சண்டை போடும் குழு அது. எவரெட்தான் அதற்கு நிர்வாகி. அந்த நாளில் வலையமைப்பு ஒன்றல்ல, பல. ஒவ்வொன்றும் முகவரியைத் தன் இஷ்டத்துக்கு எழுதும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கடிதம் தாண்டும்போது அனுப்பியவரின் முகவரி சிதைந்துவிடும். பதில் அனுப்பினால் அது எங்கோ காற்றில் போய்விடும்.

எவரெட் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். கிழக்கே ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் கணினி எல்லா வலையமைப்புகளோடும் பேசும். குழுவை அங்கே குடிவைத்தான். ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் 'பதிலைக் குழுவுக்கு அனுப்பவும்' என்ற வரி தானாக ஏறும்படி அமைத்தான். அதன்பிறகு ஒரு பதிலும் தொலையவில்லை. ஆனால் யார் யாருக்கு எழுதினாலும் எல்லோரும் படித்தார்கள். தன் மைத்துனியின் முட்டைக்கோஸ் நாறுகிறது என்று ஒருவர் நண்பருக்கு எழுத, அந்த மைத்துனியும் குழுவில் இருந்தாள்.

அந்த வரியை எடுத்துவிடு என்று குழுவே இரண்டு வருடம் மன்றாடியது. எவரெட் மசியவில்லை. ஒருவருக்கும் போகாமல் தொலைவதைவிட எல்லோருக்கும் போவது மேல் என்பான். பிடிவாதம் முற்றி, தன் சொந்தக் கடிதங்களுக்கும் அதே வரியைப் போட்டுக்கொண்டான். பிறகு அதை மறந்தும் போனான்.

குழுவில் லோர்னா பெட்டிஃபோர் என்று ஒருத்தி இருந்தாள். ஆரிகனில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. ஊறுகாய் மொறுமொறுவென்று இருக்கப் படிகாரம் போட வேண்டும் என்பது எவரெட் கட்சி. படிகாரம் போடுகிறவன் நாக்கை அறுக்க வேண்டும், காட்டமான முள்ளங்கி இலைதான் போட வேண்டும் என்பது அவள் கட்சி. ஒரு குளிர்காலம் முழுக்க அடித்துக்கொண்டார்கள். பிறகு பேச்சு அவளுடைய முழங்கால் வலிக்கும் இவனுடைய பழுதான கணப்புக்கும் நகர்ந்தது. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

ஒரு நாள் ஒரு தாளை என்னிடம் நீட்டினான். அவளுக்கு அனுப்பப்போகும் கடிதம். 'உங்களுக்கு வேறு முக்கியமான வேலை இல்லாதபட்சத்தில், என் சமையலறையில் இரண்டாவது நாற்காலி ஒன்று சும்மா கிடக்கிறது. உட்கார்ந்தால் அவ்வளவு மோசமாக இருக்காது. வற்புறுத்தவில்லை.'

"இது கல்யாணத்துக்குக் கேக்கற மாதிரியா இருக்கு? பழைய சாமான் விக்கற மாதிரி இருக்கு" என்றேன்.

"இதுக்கு மேல வெளிப்படையா எழுதினா நல்லாருக்காது, ஆர்டிஸ்."

வட மினசோட்டாவில் நாங்கள் இப்படித்தான். நானும் மேற்கொண்டு வாதாடவில்லை. கடிதம் போயிற்று.

பதில் வருவது சுலபமில்லை. நாற்பது மைல் தள்ளியிருந்த மரக்கூழ் ஆய்வு நிலையத்தின் கணினிதான் தினமும் விடிவதற்குள் எங்கள் கணினிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கடிதங்களைக் கொடுக்கும். இரைச்சல் பிடித்த கம்பி அது. சின்னக் கடிதங்கள் எப்படியோ நுழைந்து வந்துவிடும். நீளமானவை நடுவில் அறுந்து, மறுநாள் மறுபடி முதலிலிருந்து கிளம்பும்.

சில நாள் கழித்து ஒரு காலையில் அச்சு இயந்திரம் கடகடத்தது. கலிபோர்னியாக்காரர் ஒருவர் எழுதியிருந்தார்: 'கடுமையான நிபந்தனைதான். ஆனால் எவரெட் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.' அடுத்தது வெர்மான்டிலிருந்து: 'நியாயமான நிபந்தனை. மனிதரே, ஒப்புக்கொள்ளும்.' மூன்றாமவர் ஒரே வரி கேட்டிருந்தார்: 'நாற்காலியின் புகைப்படம் கிடைக்குமா?'

எவரெட் மூன்றையும் படித்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"நாற்காலி இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உன் கடுதாசி தலைல என்ன வரி போட்டு வெச்சிருக்கே?" என்றேன்.

நெற்றியில் அடித்துக்கொண்டான். லோர்னா பதில் எழுதிவிட்டாள். அது குழுவுக்குப் போய்விட்டது. வேகமான வலையமைப்பில் இருந்தவர்கள் எல்லோரும் படித்து, கருத்தும் சொல்லி, அந்தக் கருத்துகளும் வந்து சேர்ந்துவிட்டன. கேட்டவனுக்கு மட்டும் பதில் வரவில்லை. அடுத்த நாள் இன்னும் ஒன்பது கருத்துகள் வந்தன. எல்லாரும் நிபந்தனையைப் பற்றியே பேசினார்கள். அது என்ன என்று ஒரு பாவியும் சொல்லவில்லை.

போன் செய்து கேள் என்றேன். கேட்டதையே இரண்டாவது முறை கேட்டால் அவசரப்படுத்துவதுபோல் ஆகிவிடும் என்று மறுத்துவிட்டான். அன்று மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. கடைசியில் மெல்லச் சொன்னான்: "படிகாரத்த விடணும்னா விட்டுடறேன், ஆர்டிஸ்." படிகாரத்துக்காகச் சொந்த அண்ணனோடு பேச்சை நிறுத்தியவன் அவன். மேசையிலிருந்து கார் சாவியை எடுத்தேன்.

மின்னஞ்சலை வாங்கிவரக் காரில் போனவர்கள் எங்களைத் தவிர யாராவது இருப்பார்களா தெரியவில்லை. பனியில் நாற்பது மைல். ஆய்வு நிலையத்தின் கணினியைப் பார்த்துக்கொள்ளும் டெல்பர்ட் மாக்கி கதவைத் திறந்தார். அவரும் ஊறுகாய்க் குழுதான். சிரிப்பை அடக்குவது அவர் மீசையிலேயே தெரிந்தது.

காபி குடிக்கிறீர்களா என்று கேட்டார். எங்கள் பக்கம் முதல் தடவை கேட்டதும் ஒத்துக்கொள்வது மரியாதையில்லை. எவரெட் வேண்டாம் என்றான். அவர் மறுபடி கேட்டார். சிரமம் எதற்கு என்றான். மூன்றாம் முறை, அரைக் கோப்பை போதும் என்று உட்கார்ந்தான். பனியைப் பற்றிப் பேசினார்கள். டெல்பர்ட் மனைவி செய்த பேரீச்சம்பழக் கேக்கும் மூன்று முறை சுற்றி வந்தது. எனக்கு இரண்டு பேர் தலையையும் சேர்த்து மோதவிடலாம்போல் இருந்தது. கேக்கையும் தின்று முடித்தபிறகு, தன் பெயருக்கு ஏதாவது தேங்கிக் கிடக்கிறதா என்று எவரெட் மெல்லக் கேட்டான்.

"ரொம்ப நீளங்க. ரெண்டாம் பக்கத்துலயே கம்பி அறுந்துடுது" என்று டெல்பர்ட் அச்சடித்த தாள்களை நீட்டினார்.

நான் தோளுக்கு மேல் எட்டிப் படித்தேன். முதல் பத்தி இது. 'எவரெட், இந்தக் கடிதத்துக்குக்கூட ஊறுகாய்க் குழுவுக்குப் பதில் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். நூலகத்தில் வேலை பார்ப்பவள், தலைப்பு வரியைப் படிக்காமல் விடமாட்டேன். சரி, குழுவுக்கே சொல்கிறேன். நாற்காலிக்கு வருகிறேன். நிபந்தனை ஒன்று: அந்த வரியை எடுத்துவிடுங்கள். உங்களிடம் மட்டும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.' மீதி மூன்று பக்கமும் முள்ளங்கி இலை ஊறுகாய்க்குச் செய்முறை.

எவரெட் தாளை மடித்தான். "எடுத்துட்டா அவ பதில் வழில தொலைஞ்சு போயிடுமே" என்றான்.

"தொலைஞ்சா இன்னொரு தடவ எழுதுவா. வராமப் போற ஆளுக்கா மூணு பக்கம் சமையல் எழுதுவாங்க?" என்றேன்.

மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் டெல்பர்ட்டின் கணினியில் உட்கார்ந்தான். கிழக்கே இருந்த கணினியோடு இணைப்புப் பிடித்துக் குழுவின் வரியை எடுத்தான். பிறகு தன் கடிதங்களுக்குப் போட்டிருந்த வரியும் இல்லாமல் லோர்னாவுக்குத் தன் பெயரிலேயே எழுதினான். தனக்குப் பதில் வரவேண்டிய பாதையைக் கணினி கணினியாகக் கையால் அடித்தான்.

மறுநாள் காலை நான் அச்சு இயந்திரத்துக்குப் புதுக் காகிதம் போட்டுத் தயாராக நின்றேன். எவரெட் நேரே திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தான். படித்தான். காது இரண்டும் சிவந்தன. மறுபடி படித்தான்.

"அச்சடிக்கலையா?" என்று கேட்டேன்.

"காகிதம் எதுக்கு வீணா" என்று திரையை அணைத்துவிட்டான்.

வசந்தத்தில் லோர்னா வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்தக் கடிதத்தில் என்னதான் எழுதினாய் என்று அவளிடம் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரு ஜாடி ஊறுகாய் கொடுத்து அனுப்புகிறாள். எனக்கு இன்றுவரை தெரியாது.